பாதி விலைக்குத் தனி விமானம்! போர்டு இல்லாத டாக்சியில் ஏறலாமா?

2019-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி. பிரான்சு நாட்டில் உள்ள நான்ட் நகர விமான நிலையம். இருட்டி விட்டது.

ஒற்றை என்ஜின் குட்டி விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. ஏறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் விமானி. இன்னொருவர் எமிலியானோ சாலா. வயது 28. அர்ஜென்டினாவைச் சேர்ந்த கால்பந்து வீரர்.

பிரிட்டனில் உள்ள கார்டிப் சிட்டி கிளப் 1 கோடியே 50 லட்சம் பவுண்டு விலை பேசி அவரை எடுத்திருந்தது. அந்த அறிவிப்பு வெளியாகி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. பழைய கிளப் நண்பர்களிடம் விடைபெற்றுக் கொண்டு, புது இடத்தில் வேலைக்குச் சேரக் கிளம்பினார் சாலா.

இரவு 8.15 மணிக்கு விமானம் பறந்தது. ஒரு மணி நேரம் சென்றது. ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே போய்க் கொண்டிருந்தபோது ரேடார் திரையில் இருந்து மறைந்து விட்டது. அதன் பிறகு அந்த விமானம் திரும்பவே இல்லை.

கோடிக்கணக்கில் விலை பேசப்பட்ட வீரர். அவரை ஏற்றிக்கொண்டு போனவரிடம் காசு வாங்கி ஆள் ஏற்றும் லைசென்சே கிடையாது. ராத்திரியில் விமானம் ஓட்டும் தகுதியும் கிடையாது!

பணக்காரர்களின் தனி விமானத்தில் சல்லிசாகப் பறக்கலாம் என்று இன்று ஊரெல்லாம் விளம்பரம் வருகிறது. "பாதி விலை", "முக்கால் தள்ளுபடி" என்று ஆசை காட்டுகிறார்கள். அதில் நிஜமான தள்ளுபடியும் உண்டு. உயிருக்கு உலை வைக்கும் தள்ளுபடியும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ரிட்டர்ன் லோடு

முதலில் நல்ல தள்ளுபடியைப் பார்ப்போம்.

நாமக்கல் லாரி ஒன்று டெல்லிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறது. சரக்கை இறக்கியாகி விட்டது. இனி ஊர் திரும்ப வேண்டும். காலியாக வந்தாலும் டீசல் செலவு உண்டு. டிரைவர் படி உண்டு. வந்த விலைக்கு ஒரு லோடு கிடைத்தால் போதும் என்று லாரிக்காரர் புரோக்கர் ஆபீசில் காத்திருப்பார். ரிட்டர்ன் லோடுக்கு வாடகை குறைவு என்பது மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

தனி ஜெட் விமானத்திலும் இதே கதைதான்.

லண்டனில் இருக்கும் ஒரு முதலாளி தெற்கு பிரான்சில் உள்ள நீஸ் நகரத்துக்கு விடுமுறைக்குப் போகிறார். ஒரு விமானத்தை வாடகைக்கு எடுக்கிறார். அவரை இறக்கி விட்டதும் விமானம் லண்டனுக்குத் திரும்பியாக வேண்டும். அங்கே அடுத்த கிராக்கி காத்திருக்கும். ஆகவே 8 சீட்டும் காலியாக, விமானிகள் மட்டும் உட்கார்ந்து திரும்பி வருகிறார்கள்.

இப்படி ஆள் இல்லாமல் பறப்பது ஏதோ ஒன்று இரண்டு தடவை அல்ல. தனி விமானங்கள் பறக்கும் 100 தடவையில் சுமார் 40 தடவை காலியாகத்தான் போகின்றன என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இந்த வெறும் பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "எம்ட்டி லெக்".

அந்தக் காலி விமானத்தைத்தான் தள்ளுபடியில் விற்கிறார்கள். வழக்கமான வாடகையில் பாதி, சில சமயம் கால் பங்குக்குக் கூட தள்ளி விடுவார்கள்.

கணக்கு என்ன?

ஒரு பயணத்துக்கு வழக்கமான வாடகை 10 ஆயிரம் டாலர் என்று வைத்துக் கொள்வோம். காலி விமானம் 4 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. 8 பேர் சேர்ந்தால் தலைக்கு 500 டாலர். பெரிய விமானத்தில் முன் வரிசை சொகுசு டிக்கெட் எடுப்பவருக்கு இது பெரிய தொகை அல்ல.

முதலாளிக்கும் நஷ்டம் இல்லை. பெட்ரோல் எப்படியும் எரியும். விமானிகள் சம்பளம் எப்படியும் போகும். இறங்கும் இடத்துக் கட்டணமும் எப்படியும் கட்ட வேண்டும். அதில் 4 ஆயிரம் கைக்கு வந்தால் லாபம்தானே?

இந்த இடம் முக்கியம். இங்கே விலை குறைந்ததற்குக் காரணம் காலி சீட். விமானி அதே விமானிதான். ரிப்பேர் பார்த்த மெக்கானிக் அதே மெக்கானிக்தான். இன்சூரன்சும் அதேதான். போகிற வழியில் முழு விலை கொடுத்த கோடீசுவரருக்கு என்ன பாதுகாப்போ, திரும்புகிற வழியில் பாதி விலை கொடுத்தவருக்கும் அதே பாதுகாப்புதான்.

என்ன தொந்தரவு?

தொந்தரவு இல்லாமல் இல்லை.

விமானம் அதன் வசதிப்படிதான் போகும். நீங்கள் சொன்ன தேதிக்கு, சொன்ன ஊருக்கு வராது. பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்புதான் விவரம் தெரியும். சில சமயம் சில மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும்.

போக மட்டும்தான் சவாரி. திரும்பி வர நீங்களே வழி பார்த்துக் கொள்ள வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. முழு விலை கொடுத்தவர் தன் பயணத்தை ரத்து செய்து விட்டால் காலி விமானமும் இல்லை. அவர் "நாளைக்குப் போகிறேன்" என்றால் நீங்களும் நாளைக்குத்தான். கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆனால் மறுநாள் கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் கதி? கடைசி நேரத்தில் சாதாரண விமானத்துக்கு ஓடி, இரட்டை விலை கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

"எட்டு பேர் சேர்ந்தால் தலைக்கு இவ்வளவு" என்ற கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலும் விற்பது முழு விமானத்தை. ஒருவர் போனாலும் 4 ஆயிரம்தான், எட்டு பேர் போனாலும் 4 ஆயிரம்தான். மீதி ஏழு பேரைப் பிடிப்பது உங்கள் பாடு.

இவை எல்லாம் பணத் தொந்தரவு. உயிர்த் தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது.

வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு

நம் ஊரில் வாடகைக் காருக்கு மஞ்சள் நம்பர் பிளேட். சொந்தக் காருக்கு வெள்ளை பிளேட். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது குற்றம். ஆனாலும் சிலர் ஓட்டுகிறார்கள். வாடகையும் கொஞ்சம் குறைத்து வாங்குவார்கள். பர்மிட் கட்டணம் இல்லை, வாடகை வண்டிக்குரிய இன்சூரன்சு இல்லை. அந்த மிச்சத்தில் இருந்துதான் தள்ளுபடி. வழியில் போலீசார் நிறுத்தினால், "இவர் நம்ம சொந்தக்காரர்" என்று சொல்லச் சொல்வார்கள்.

ஆகாயத்திலும் இந்தத் திருட்டு வாடகை நடக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் இது தீராத தலைவலி.

காசு வாங்கிக் கொண்டு விமானத்தில் ஆள் ஏற்ற வேண்டும் என்றால் விமானத்தை நடத்தும் கம்பெனிக்கு அரசின் தனிச் சான்றிதழ் வேண்டும். விமானிக்கு வணிக லைசென்சு வேண்டும். விமானிக்கு அடிக்கடி பரீட்சை, உடல் பரிசோதனை, தூக்கத்துக்கும் ஓய்வுக்கும் கணக்கு, விமானத்துக்குக் கண்டிப்பான பராமரிப்பு எல்லாம் உண்டு. அத்தனைக்கும் செலவு ஆகும்.

பொழுதுபோக்குக்காக ஓட்டும் தனியார் லைசென்சுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகலாம். செலவைச் சேர்ந்து பகிர்ந்து கொள்ளலாம். கூலி வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது வகை லைசென்சை வைத்துக்கொண்டு முதல் வகை வியாபாரம் செய்வதுதான் திருட்டு வாடகை. விலை குறைவாகத்தான் இருக்கும். ஏன் இருக்காது?

காருக்காவது போர்டு கலரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். விமானத்தில் வெள்ளை போர்டும் இல்லை, மஞ்சள் போர்டும் இல்லை. இரண்டும் பளபளவென்றுதான் நிற்கும். விமானியும் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு, "வாங்க சார்" என்றுதான் வரவேற்பார்.

சாலா ஏறிய விமானம்

கால்பந்து வீரர் சாலா சல்லிசான டிக்கெட்டைத் தேடிப் போனவர் அல்ல. கிளப் மாற்றும் பேரத்தில் இருந்த ஓர் ஏஜெண்ட் தரப்பினர் விமானத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். சாதாரண பயணிகள் விமானத்தில் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னோம், சாலா வேண்டாம் என்று விட்டார் என்று கார்டிப் கிளப் பிறகு கூறியது.

அவர் ஏறியது ஜெட் விமானம் கூட அல்ல. பைப்பர் மாலிபு என்ற விசிறி விமானம். 1984-ல் செய்யப்பட்டது. அமெரிக்காவில் பதிவானது.

விமானத்துக்கு ஆள் ஏற்பாடு செய்து ஓட்டும் வேலையைப் பார்த்து வந்தவர் டேவிட் ஹெண்டர்சன். அந்தச் சமயம் அவர் மனைவியுடன் பாரிசுக்குப் போயிருந்தார். எனவே டேவிட் இபட்சன் என்பவரை அனுப்பி வைத்தார்.

இபட்சனுக்கு வயது 59. தொழில் வீடுகளில் கியாஸ் அடுப்பு, கொதிகலன் ரிப்பேர் பார்ப்பது. விமானம் ஓட்டுவது ஆசைக்கு. அவரிடம் இருந்தது தனியார் லைசென்சு மட்டுமே. அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியும் 2018 நவம்பரில் காலாவதி ஆகி விட்டது.

இதற்கு முன்பே அவர் மீது புகார் உண்டு. தடை செய்யப்பட்ட வான் எல்லைக்குள் நுழைந்து விட்டதாக 2018-ல் அதிகாரிகளிடம் இருந்து நோட்டீசு வந்தது. விமானத்தைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பில் இருந்த பெண்மணி, "இவரை இனி ஓட்ட விடக் கூடாது" என்று ஹெண்டர்சனிடம் கண்டிப்பாகச் சொல்லி விட்டார். இது பிறகு கோர்ட்டில் வெளிவந்த செய்தி. சொல்லியும் இபட்சனே அனுப்பப்பட்டார்.

காலைப் பயணம் இரவானது

ஜனவரி 19-ந்தேதி கார்டிப்பில் இருந்து நான்ட் நகருக்கு சாலாவை அழைத்துப் போனதும் இதே விமானம், இதே விமானிதான்.

21-ந்தேதி காலையிலேயே கார்டிப்புக்குத் திரும்ப ஏற்பாடு. ஆனால் பழைய நண்பர்களைப் பார்த்து விட்டு வருகிறேன் என்று சாலா நேரத்தை மாலைக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். கேட்டது நியாயமான ஆசைதான். வாடகை விமானத்தின் சவுகரியமே அதுதானே?

முறையான கம்பெனியாக இருந்தால் உடனே ஒரு கேள்வி எழுந்திருக்கும். "இந்த விமானி இரவில் ஓட்டலாமா?" கூடாது என்று தெரிந்ததும் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். இங்கே கேள்வி கேட்க ஆளே இல்லை. பகலில் மட்டும் ஓட்டத் தகுதி உள்ளவர், குளிர்காலத்தில், இருட்டில், கடலுக்கு மேலே கிளம்பி விட்டார்.

விமானத்தில் ஏறியதும் சாலா தன் நண்பர்களுக்குக் குரல் பதிவு அனுப்பினார். விமானம் உடைந்து விழுந்து விடும் போல இருக்கிறது, பயமாக இருக்கிறது என்பது அதன் சாரம். பாதி விளையாட்டாகச் சொன்ன பேச்சு. அதுவே கடைசிப் பேச்சாகி விட்டது.

விஷப் புகை

மேகத்தைத் தவிர்க்க வேண்டும், கீழே இறங்க வேண்டும் என்று விமானி கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்டார். அதன் பிறகு சிறிது நேரத்தில் சத்தம் இல்லை.

மூன்று நாள் அரசு தேடியது. பிறகு நிறுத்தி விட்டது. பொதுமக்களும் எம்பாப்பே போன்ற வீரர்களும் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் தனியார் கப்பல் தேடியது. பிப்ரவரி 3-ந்தேதி, குயர்ன்சி தீவுக்கு வடக்கே கடலுக்கு அடியில் சுமார் 68 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடந்தது. சாலாவின் உடல் கிடைத்தது. விமானி இபட்சனின் உடல் கிடைக்கவே இல்லை.

பிரிட்டிசு விமான விபத்துப் புலனாய்வுத் துறையினர் 2020 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள். அதில்தான் திடுக்கிடும் தகவல் இருந்தது.

சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 58 சதவீதம் கலந்திருந்தது! 50-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. என்ஜின் புகையில் இருக்கும் விஷ வாயு இது. நிறம் இல்லை, வாசனை இல்லை. மூக்கில் ஏறுவதே தெரியாது. தலை கிறுகிறுத்து, நினைவு தப்பி விடும். விமானியும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரையும் விஷ வாயு பாதித்திருக்கும் என்று அறிக்கை கூறியது. விமானம் கட்டுப்பாட்டை இழந்து, தாங்க முடியாத வேகத்தில் வானத்திலேயே உடைந்து, மணிக்கு சுமார் 270 மைல் வேகத்தில் கடலில் மோதியது.

விஷ வாயு வந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி ஒன்று உண்டு. பெரிய விலை இல்லை. அது அந்த விமானத்தில் இல்லை.

வணிக விமானப் பயணத்துக்கு உரிய பாதுகாப்பு விதிகளின்படி இந்தப் பயணம் நடக்கவில்லை என்பதையும் அறிக்கை ஒரு காரணமாகச் சொன்னது.

கோர்ட்டில்

ஹெண்டர்சன் மீது கார்டிப் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அவருக்கு வயது 67.

லைசென்சு இல்லாத, தகுதி காலாவதியான ஆளை அனுப்பியது லாபத்துக்காகத்தான் என்று அரசுத் தரப்பு வாதாடியது. விமானம் காணாமல் போனது தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று பலருக்குச் செய்தி அனுப்பியது. விசாரணை வந்தால் பல விஷயம் வெளியில் வரும் என்பது அவரது பயம். அந்தச் செய்திகளும் கோர்ட்டில் படிக்கப்பட்டன.

உரிய அனுமதி இல்லாமல் பயணியைக் கொண்டு வந்து இறக்க முயன்ற குற்றத்தை அவரே ஒப்புக் கொண்டார். விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தார் என்று 2021 அக்டோபர் 28-ந்தேதி ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். நவம்பர் 12-ந்தேதி 18 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சாலாவின் சாவு ஒரு நல்ல காரியத்துக்கும் வழி செய்தது. விசிறி விமானத்தில் விமானம் ஓட்டத் தெரியாத பயணிகளை ஏற்றினால் விஷ வாயு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் உத்தரவு அமலுக்கு வந்து விட்டது.

ரோட்டைத் தாண்டிய ஜெட்

குட்டி விமானத்தில்தான் இப்படி நடக்கும், பெரிய ஜெட் விமானத்தில் நடக்காது என்று நினைத்தால் தப்பு.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் டெட்டர்போரோ என்று ஒரு விமான நிலையம். பெரிய பயணிகள் விமானம் எதுவும் அங்கே வராது. எல்லாம் பணக்காரர்களின் தனி விமானங்கள்.

2005-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி காலை. சேலஞ்சர் என்ற ஜெட் விமானம் 8 பயணிகளுடன் சிகாகோவுக்குக் கிளம்பியது. ஓடுபாதையில் வேகம் எடுத்தது. ஆனால் மூக்கு மேலே எழும்பவில்லை. வேலியை உடைத்தது. பக்கத்தில் இருந்த பெரிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தது. ஒரு காரை மோதியது. எதிரில் இருந்த துணிக் கிடங்கின் சுவரில் போய் முட்டி நின்றது!

யாரும் சாகவில்லை. அது ஆச்சரியம்தான். விமானிகள் இருவருக்கும் காரில் இருந்த இருவருக்கும் பலத்த காயம்.

மூக்கு ஏன் எழும்பவில்லை? முன்பக்கம் பாரம் அதிகம். விமானிகள் பாரக் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று விசாரணையில் தெரிய வந்தது.

விமானத்தை நடத்திய பிளாட்டினம் ஜெட் கம்பெனியின் விவகாரமும் சந்திக்கு வந்தது. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் டாங்க் நிறைய, பாரக் கணக்கை மீறி நிரப்பிக் கொள்வார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு! வாடகைக்கு ஓட்ட முறையான சான்றிதழ் கிடைக்கும் முன்பே சவாரி ஓட்டியது, தகுதி இல்லாத விமானிகளை அனுப்பியது, கணக்கைத் திருத்தி எழுதியது என்று பட்டியல் நீண்டது.

கம்பெனியை நடத்திய அண்ணன் தம்பி இருவரும் குற்றவாளிகள் என்று 2010-ல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். இருவரும் சிறைக்குப் போனார்கள்.

அந்த விமானத்தில் ஏறியவர்கள் ஏமாளிகள் அல்ல. விவரம் தெரிந்தவர்கள், வசதி உள்ளவர்கள். ஆனால் தோல் சீட்டைப் பார்த்தார்கள். சான்றிதழைப் பார்க்கவில்லை.

கையெழுத்து போடாதீர்கள்!

திருட்டு வாடகைக்காரர்கள் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு.

விமானம் ஏறப் போகும் கடைசி நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். "சும்மா ஒரு சம்பிரதாயம், இங்கே ஒரு கையெழுத்து" என்பார்கள். அது குத்தகைப் பத்திரம். அதில் கையெழுத்து போட்டால், அந்தச் சில மணி நேரத்துக்கு விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் நீங்களே என்று ஆகி விடும்!

அதாவது அவர்கள் வாடகைக்கு ஓட்டவில்லை. நீங்களே உங்கள் விமானத்தில் போகிறீர்கள். ஏதாவது ஆனால் பொறுப்பும் உங்கள் தலையில். இந்தத் தந்திரத்தைப் பற்றி அமெரிக்க விமானத் துறை பலமுறை எச்சரித்து இருக்கிறது.

யாராவது கேட்டால் நண்பர் என்று சொல்லுங்கள் என்பதும், கணக்கில் வேறு பெயரில் பணம் கட்டச் சொல்வதும் அதே வகைதான்.

இன்சூரன்சு விஷயம் இன்னும் மோசம். சட்ட விரோதமாக வாடகைக்கு ஓட்டிய விமானம் விழுந்தால், "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று இன்சூரன்சு கம்பெனி கையை விரித்து விடும். செத்தவர் குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல தள்ளுபடியைக் கண்டுபிடிக்க நாலு கேள்வி போதும்.

ஒன்று: விற்பவர் யார், ஓட்டுபவர் யார்? விளம்பரம் செய்பவர் பெரும்பாலும் புரோக்கர்தான். அவரிடம் விமானம் இருக்காது. நடத்தும் கம்பெனியின் பெயரைக் கேட்க வேண்டும். சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்து விடலாம்.

இரண்டு: சான்றிதழ் எங்கே? வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற கம்பெனிகளின் பட்டியலை அமெரிக்க, பிரிட்டிசு விமானத் துறைகள் வெளியிடுகின்றன. விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி ஒத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று: ஏன் விலை குறைவு? "விமானம் இன்ன தேதி இன்ன ஊரில் இருந்து காலியாகத் திரும்புகிறது" என்று நேராகப் பதில் வந்தால் அது ரிட்டர்ன் லோடு. எந்தத் தேதிக்குக் கேட்டாலும், எந்த ஊருக்குக் கேட்டாலும் பாதி விலை என்றால் அது ரிட்டர்ன் லோடு அல்ல. வேறு எதையோ குறைத்திருக்கிறார்கள்.

நாலு: விமானி யார்? கடைசி நேரத்தில் ஆள் மாறினால் மாற்று ஆளுக்கும் அதே தகுதி உண்டா? இரவில் ஓட்டலாமா?

இந்தியாவிலும் சட்டம் இதுதான். வாடகைக்குப் பறக்க டெல்லியில் உள்ள விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரலிடம் பர்மிட் வாங்கியிருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. கல்யாணத்துக்கு, கோவிலுக்கு என்று விமானம் பிடிப்பவர்கள் பர்மிட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

லாரி டிரைவர் மகன்

சாலாவின் உடல் அர்ஜென்டினாவில் அவர் வளர்ந்த பிராக்ரெசோ என்ற சின்ன ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டது. 2019 பிப்ரவரி 16-ந்தேதி ஊரே திரண்டு வந்து அஞ்சலி செலுத்தியது.

மகன் போன துக்கத்தில் இருந்த தந்தையும் அதே ஆண்டு ஏப்ரலில் மாரடைப்பில் இறந்து விட்டார்.

அந்தத் தந்தை செய்து வந்த தொழில், லாரி ஓட்டுவது.

லோடு ஏற்றும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பது, லைசென்சைப் பையில் வைத்துக் கொள்வது எந்த லாரி டிரைவருக்கும் பழக்கம். அவருடைய மகனை ஏற்றிக் கொண்டு போன விமானத்தில் அதைப் பார்க்க ஆள் இல்லை.